அயலவருக்கு எதிராக ஒரு படிவம்

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இலங்கையின் வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டத்தின் பயனாளிகளின் பெயர்ப்பட்டியல் வெளியானபோது, அரசாங்கம் அதனோடு சேர்த்து மக்களுக்கு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. பட்டியலில் பெயர் வராதவர்களும், தமக்குரியதைவிடக் குறைந்த வகுதியில் சேர்க்கப்பட்டுவிட்டதாகக் கருதியவர்களும் மேன்முறையீடு செய்யலாம். தகுதியில்லாத ஒருவர் பட்டியலில் இருப்பதாக நினைக்கும் எவரும் அவருக்கு எதிராக ஆட்சேபனை தெரிவிக்கலாம். நாடு முழுவதும் வந்த மேன்முறையீடுகள் பத்து இலட்சத்தை நெருங்கின. ஆட்சேபனைகள் இருபதாயிரத்தைக்கூட எட்டவில்லை. பத்திரிகையில் இவ்விரண்டு எண்களும் ஒரே பந்தியில் வெளியாகியிருந்தன. மேன்முறையீடுகளின் தொகையைப் பற்றிப் பலர் பேசினார்கள், ஆட்சேபனைகளின் தொகையைப் பற்றி எவரும் பேசியதாக நினைவில்லை. எனக்கோ அந்தச் சிறிய எண்ணே இன்றுவரை மனதில் நிற்கிறது. பொருளாதாரம் விழுந்து கிடந்த ஒரு நாட்டில், பக்கத்து வீட்டுக்காரரின் கொடுப்பனவை நிறுத்தும்படி கேட்க அரசாங்கமே வழிசெய்து கொடுத்தபோது, மிகப் பெரும்பாலான மக்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்பதை நான் ஒரு பெண்ணின் வாயிலிருந்து கேட்டேன்.

மாமியின் கேள்வி

வன்னியில் எங்கள் ஊரில் எனக்கு மாமி முறையான ஒருவர் இருக்கிறார். இறுதிப் போரில் கணவரை இழந்தவர். ஒரு தையல் மெசினை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர். மீள்குடியேற்றத்தின் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் வாழ்கிறார். அத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. பயனாளியே நின்று வீட்டைக் கட்டிமுடிக்க வேண்டும். சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டே போன காலம் அது. எங்கள் ஊரில் அந்தத் தொகைக்குள் வீட்டை முடித்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. காதிலும் கழுத்திலும் இருந்ததை ஈடுவைத்தவர்களும், நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்கிக் கூரை போட்டவர்களுமே இருக்கிறார்கள். மாமியும் அப்படித்தான் ஓடு போட்டார். பதிவுக்கு வருகிறவருக்குக் கல்வீடும் ஓட்டுக்கூரையும் தெரியும். அந்த ஓடுகளுக்காகப் போன தாலிக்கொடி தெரியாது. அஸ்வெசும குடும்பங்களை ஆறு துறைகளின் கீழ் 22 அளவுகோல்களால் அளந்தது: கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு. போரில் எல்லாவற்றையும் இழந்து, நன்கொடையும் கடனுமாக வீடு ஒன்றை எழுப்பிய குடும்பமும், பரம்பரையாகக் கல்வீட்டில் இருக்கும் குடும்பமும் அந்த ஐந்தாவது துறையில் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

மாமியின் பெயர் பட்டியலில் இல்லை. மேன்முறையீட்டை நிரப்பிக் கொடுப்பதற்காக நான் அவருடன் போயிருந்தேன். அங்கே நின்றவர்களுள் ஒருவர், எங்கள் ஊரைச் சேர்ந்த இன்னொரு பெண்ணின் பெயர் பட்டியலில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, "அவையளுக்கு வெளியிலயிருந்து காசு வருது, எல்லாருக்கும் தெரியும், அதையும் சேர்த்து எழுதிக் குடுங்கோ" என்றார். அவர் சொன்னது பொய்யாக இருக்கவும் இல்லை. மாமி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அவளின்ரை பேரை வெட்டினால் என்ரை பேர் வருமோ, பிள்ளை? வராதெண்டால், இரண்டு வீட்டிலயும் ஏன் அடுப்பு அணைய வேணும்?"

அந்தக் கேள்வியைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். அங்கு நின்றவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மாமி கேட்டது கணக்கு. அரசாங்கம் நான்கு வகுதிகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை குடும்பங்கள் என்பதைப் பட்டியல் வெளிவர முன்னரே வரையறுத்திருந்தது. இடைநிலையினர் 4 இலட்சம் குடும்பங்கள், மாதம் 2,500 ரூபா. பாதிக்கப்படக்கூடியோர் 4 இலட்சம், 5,000 ரூபா. வறியோர் 8 இலட்சம், 8,500 ரூபா. மிகவும் வறியோர் 4 இலட்சம், 15,000 ரூபா. மொத்தம் 20 இலட்சம். முதல் இரண்டு வகுதியினருக்கும் அது குறுகிய காலத்துக்கு மட்டுமே. எண்ணிக்கை முதலில் வந்துவிட்டது. அதற்குள் அடங்குமாறு வறுமையை வரிசைப்படுத்துவது பிறகு நடந்தது. வரையறுக்கப்பட்ட இடங்களைக் கொண்ட ஒரு பட்டியலில் எனக்கு இடம் கிடைக்க வேண்டுமானால், இன்னொருவர் இடம் இழக்க வேண்டும் என்று நான் நம்பத் தொடங்குவது இயல்பு. ஆட்சேபனைப் படிவம் அந்த நம்பிக்கையை உத்தியோகபூர்வமாக்கிவிடுகிறது. தகுதியற்றவர்களைக் களைவது அரசாங்கத்தின் வேலை. அதற்குக் கிராம அலுவலர் இருக்கிறார், பிரதேச செயலகம் இருக்கிறது, வரித் திணைக்களம் இருக்கிறது. அந்த வேலையில் ஒரு பங்கை ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்களிடம் ஒப்படைப்பதை வெளிப்படைத்தன்மை என்று ஒரு கொள்கை ஆவணம் அழைக்கக்கூடும். போர்க்காலத்தில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் கொடுக்கும் தகவல் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்ட ஊர்களுக்கு அது வேறொன்றாகவே படும்.

கூப்பன் அரிசி

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சங்கக்கடையையும் (கூட்டுறவுக் கடை) அங்கே பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த கூப்பன் அரிசியையும் பற்றிப் பேசும்போது, அரிசியின் தரத்தைக் குறை சொல்வார்கள், கல் பொறுக்கிய கதையைச் சொல்வார்கள். ஆனால் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பேசுவதில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியே இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, எழுபதுகளின் பிற்பகுதி வரை ஏதோவொரு வடிவில் நாட்டில் ஏறத்தாழ எல்லோருக்கும் உரியதாக இருந்தது. அது மலிவான திட்டமும் அல்ல, பிழையற்ற திட்டமும் அல்ல. வரவுசெலவுத் திட்டத்தை அது அழுத்தியது என்பது உண்மை. அதைக் குறைக்க முயன்ற அரசாங்கங்கள் வெறும் கொடூரத்தினால் முயலவில்லை. 1953இல் கொரியப் போர் தந்த இறப்பர் விலையேற்றம் வடிந்து வருமானம் சுருங்கியபோது, நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன மானியத்தை வெட்ட, ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு கடையடைப்பும் வேலைநிறுத்தமுமான கர்த்தாலில் இறங்கியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. துப்பாக்கிச்சூட்டில் மக்கள் இறந்தார்கள். சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

வரலாற்றுப் பாடங்களில் இந்தக் கதை இத்துடன் முடிந்துவிடுவதுண்டு. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. அதே ஜே.ஆர். ஜயவர்தன 1977இல் பெரும்பான்மையுடன் ஆட்சிக்கு வந்தார். இம்முறை எல்லோருடைய அரிசியிலும் ஒரே நாளில் கைவைக்கவில்லை. 1978இன் தொடக்கத்தில் மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் என்று பங்கீடு சுருக்கப்பட்டது. நாட்டின் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறு ஆண்டு செப்ரெம்பரில் மிஞ்சிய அரைவாசிக்கும் அரிசி நிறுத்தப்பட்டு, ரூபாவில் பெறுமதி எழுதிய உணவு முத்திரைகள் கொடுக்கப்பட்டன. அரிசியின் அளவு நிலையாக இருந்த இடத்தில் இப்போது ரூபாவின் அளவு நிலையாக நின்றது, விலைகள் நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அம்முத்திரைகளின் உண்மைப் பெறுமதி பாதிக்கும் கீழே போனது. கர்த்தால் எதுவும் நடக்கவில்லை. 1953இல் தெருவுக்கு வந்தவர்களுள் தொழிற்சங்கத்தவர், அரசாங்க எழுதுவினைஞர், சிறு கடைக்காரர், மீனவர், விவசாயி என எல்லா வகையினரும் இருந்தார்கள், ஏனென்றால் அரிசி எல்லோருடையதாகவும் இருந்தது. 1980களில் முத்திரை தேய்ந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் நாட்டின் குரல் குறைந்த பாதியினர் மட்டுமே. எழுதத் தெரிந்தவர், சங்கம் உள்ளவர், அமைச்சரிடம் போகக்கூடியவர் ஆகியோர் ஏற்கெனவே வரிசையிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர்.

இதில் மலையகத்தின் அனுபவம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. தோட்டத் தொழிலாளரின் கூலி செக்றோல் எனப்படும் தோட்ட வேலைப் பதிவேட்டில் பதிவாகியிருந்தது. ஒரு லயன் காம்பராவில் (தோட்டக் குடியிருப்பின் ஓர் அறையில்) தாயும் தகப்பனும் வளர்ந்த பிள்ளையும் பெயர்ப்பதிந்து வேலை செய்தால், அவர்களது கூலியைக் கூட்டும்போது குடும்ப வருமானம் 300 ரூபா எல்லையைத் தாண்டிவிடும். வேறு இடங்களில் வருமானத்தைக் குடும்பத் தலைவர் தாமே எழுதிக் கொடுத்தார். அதைச் சரிபார்க்க ஆவணம் இல்லை. எனவே நாட்டிலேயே மோசமான ஊட்டச்சத்து நிலையில் இருந்த, 1974இன் உணவுத் தட்டுப்பாட்டில் மரணங்களைக் கண்ட ஒரு சமூகம், தன் வருமானம் ஒளிக்க முடியாதபடி தெரிந்த ஒரே காரணத்தால் பெருமளவில் முத்திரைக்கு வெளியே நின்றது. வறுமையை அளக்கும் எந்தக் கருவியும் தனக்குத் தெரிவதையே அளக்கும். அன்று செக்றோல் தெரிந்தது. இன்று எங்கள் ஊரில் ஓடு தெரிகிறது.

வரி ஒன்றும் கேட்பதில்லை

அஸ்வெசுமவுக்கு எதிராக எழுதுகிறேன் என்று இதை வாசிப்பவர்கள் நினைத்தால், அது முழு உண்மையாகாது. அதற்கு முந்திய சமுர்த்தியை நான் நன்றாக அறிவேன். 1995இல் தொடங்கிய அத்திட்டம் காலப்போக்கில் கட்சி ஆதரவாளர்களின் பட்டியலாகப் பல இடங்களில் மாறியிருந்தது. கொடுப்பனவு நெருக்கடிக்கு முன்னர் மாதம் 420 ரூபாவிலிருந்து 3,500 ரூபா வரையில்தான் இருந்தது. ஒருமுறை சேர்ந்தவர் வெளியேறுவதும் புதிதாக வறுமையில் விழுந்தவர் உள்ளே வருவதும் அரிது. அதை மாற்ற வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்ட நலன்புரி நன்மைகள் சட்டம் நீண்ட காலம் தூங்கிக் கிடந்தது; நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்த பின்னரே அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட ஏறத்தாழ 300 கோடி டொலர் உடன்பாட்டில் சமூகப் பாதுகாப்புக்கான குறைந்தபட்சச் செலவும் ஓர் இலக்காக எழுதப்பட்டது. பழைய காலச் சீர்திருத்தங்களில் இல்லாத கவனம் அது. மிகவும் வறிய குடும்பத்தின் கைக்கு மாதக் கொடுப்பனவு வங்கிக் கணக்கினூடாக நேரே போவது, எந்தக் கட்சி அமைப்பாளரின் கையொப்பமும் தேவைப்படாமல் போவது, பெரிய விடயம். அதைப் பெறுகிற வீடுகளை எனக்குத் தெரியும். அதில் குறைகாண எனக்கு மனமில்லை.

என் மனதில் அடங்காமல் இருப்பது வேறு. அதே காலத்தில் மக்கள்மேல் ஏற்றப்பட்ட சுமைகளைப் பாருங்கள். 2019இன் இறுதியில் 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டிருந்த வற் (பெறுமதி சேர்) வரி, 2022இல் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், அடுத்த பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் ஏறியது. முதல் உயர்வில் மிகக் குறைந்த அலகுகளைப் பாவிப்போரின் கட்டணமே விகிதத்தில் மிக அதிகமாக ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்ரெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் 94.9. இவற்றுள் எதுவும் ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டி, உங்கள் வீட்டுக் கூரை என்ன, பிள்ளைகள் எத்தனை பேர், மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்கவில்லை. சவர்க்காரக் கட்டி வாங்கிய எல்லோரிடமும் வரி வாங்கப்பட்டது. சுமை வரும்போது நாட்டில் எல்லோரும் ஒன்று. அந்தச் சுமைக்கு ஈடாக உதவி வரும்போது மட்டும் 22 அளவுகோல்கள். உலக வங்கியின் மதிப்பீட்டில் நாட்டின் வறுமை விகிதம் இரட்டிப்பாகி, நாலில் ஒரு பங்கினரை எட்டிய ஆண்டு 2022. இன்னும் எத்தனையோ குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே, ஒரு காய்ச்சலோ ஒரு வேலையிழப்போ வந்தால் கீழே விழும் நிலையில் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு நாட்டில் இருபது இலட்சமாவது குடும்பத்துக்கும் அதற்கு அடுத்த குடும்பத்துக்கும் இடையில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? மேன்முறையீடு செய்தவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நம்பவில்லை. பெரும்பாலோர் உண்மையையே எழுதியிருப்பார்கள். கோடுதான் மனிதர்கள் மிக நெருக்கமாக நின்ற இடத்தில் கீறப்பட்டது.

நேபாளத்தின் நூறு ரூபா

வளர்முக நாடொன்றால் எல்லோருக்கும் கொடுக்க இயலாது என்பதே இதற்கு வழக்கமான பதில். எங்கள் நாட்டின் சொந்த வரலாறே அதற்கு மறுமொழி சொல்கிறது: 1945இல் இலவசக் கல்வியைத் தொடங்கியபோது இலங்கை செல்வந்த நாடாக இருக்கவில்லை, ஆதார வைத்தியசாலையில் பிள்ளையைச் சேர்க்கும் தாயிடம் இன்றும் எவரும் மாத வருமானம் கேட்பதில்லை. ஆனாலும் பணமாகக் கொடுப்பது வேறு விடயம் என்பார்கள். அவர்களுக்கு நான் நேபாளத்தைச் சொல்வேன். இலங்கையைவிடத் தலா வருமானம் குறைந்த அந்நாடு, 1990களின் நடுப்பகுதியில் 75 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு மாதம் 100 ரூபா கொடுக்கத் தொடங்கியது. ஓய்வூதியம் பெறும் அரச ஊழியர்கள் நீங்கலாக, வறியவரா என்ற விசாரணை கிடையாது. குடியுரிமைப் பத்திரத்தில் உள்ள வயது போதும். சிரிப்புக்கிடமான தொகை என்று அன்று சொல்லியிருக்கலாம். அதன் பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, முடியாட்சி போனது, அரசியலமைப்பு மாறியது, அரசாங்கங்கள் ஆண்டுக்கொருமுறை மாறின. அந்தக் கொடுப்பனவை நிறுத்த எந்தக் கட்சிக்கும் துணிவு வரவில்லை. மாறாகப் போட்டி போட்டுக்கொண்டு உயர்த்தினார்கள். 2022இல் வயதெல்லை 68ஆகக் குறைந்து, மாதத் தொகை 4,000 நேபாள ரூபாவாக இருந்தது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள் எங்கள் உணவு முத்திரை தேய்ந்து மறைந்ததையும் நேபாளத்தின் நூறு ரூபா வளர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் இரு நாடுகளின் செல்வத்தில் இல்லை என்பது தெரியும். எல்லா வீட்டிலும் ஒரு முதியவர் இருந்தார் அல்லது இருக்கப்போகிறார். ஆகவே அந்தத் திட்டத்துக்கு எல்லா வீட்டிலும் ஒரு காவலர் இருந்தார்.

செல்வந்தரின் தாய்க்கும் பணம் போகுமே என்று கேட்பவர்களுக்கு, போகட்டும் என்பதே என் பதில். கொடுக்கும் இடத்தில் வடிகட்டுவதைவிட வாங்கும் இடத்தில் வடிகட்டுவது இலகு. அந்தச் செல்வந்தரிடமிருந்து வருமான வரியாக அதைப் பல மடங்காகத் திரும்பப் பெறலாம், அதற்கு அயலவரின் ஆட்சேபனை தேவையில்லை. வருமான வரியை ஒழுங்காக வாங்க முடியாத அரசாங்கம், கிளிநொச்சியிலோ மொனராகலையிலோ ஒரு தையல்காரியின் வீட்டுச் சொத்தைத் துல்லியமாக மதிப்பிட்டுவிடும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

2024இல் இரண்டாம் கட்ட விண்ணப்பங்கள் கோரப்பட்டன. 2025 ஜனவரியிலிருந்து வறியோருக்கான தொகை 10,000 ரூபாவாகவும் மிகவும் வறியோருக்கான தொகை 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. வரவேற்கிறேன். ஆனால் இந்த உயர்வு ஓர் அரசாங்கத்தின் தீர்மானத்தால் வந்தது. விலைவாசியோடு தானாகவே உயரும் என்ற ஏற்பாடு ஏதும் இல்லை. 1979இன் முத்திரையும் அப்படித்தான் தொடங்கியது. கொடுப்பனவை விலைச் சுட்டெண்ணோடு சட்டத்தில் கட்டிவிட வேண்டும். வகுதிகளின் எண்ணிக்கை வரம்பை நீக்கித் தகுதி உள்ளவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும், வறியவரா என்று கேட்காமல், ஒரு முதியோர் கொடுப்பனவைத் தொடங்க வேண்டும். அடுத்த மீளாய்வின்போது ஆட்சேபனைப் படிவத்தை அச்சிடாமலே விடலாம். தகுதியற்றவர் யார் என்ற தகவலை அரசாங்கம் தன் சொந்தத் திணைக்களங்களின் பதிவுகளிலிருந்து தேடிக்கொள்ளட்டும். அதற்கு நாங்கள் ஏற்கெனவே வரி செலுத்திக்கொண்டிருக்கிறோம்.